வெட்டிப் போட்ட நான்கு நிமிடம்

பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னை ஃபோனில்தான் பார்த்திருப்பீர்கள். நீலச் சட்டை, கொஞ்சம் தொப்பை, கையில் ஸ்பேனர், "நமஸ்கார் தோஸ்தோ" என்று ஆரம்பிக்கும் கிழவன். அந்த ஒரு நிமிட வீடியோக்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள், புதியவர்கள் படிக்கட்டும் என்று உங்கள் மேலாளர் அரவிந்த் கேட்டார். எந்த வெளிச்சத்தில் எடுப்பது, எழுத்தை எங்கே ஓட விடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எதை வெட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டாவது ஃபெயில். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் லாரி ஏறியவன். லாரி கிளீனர், ஹூப்ளியில் ஹோட்டல் மேசை துடைப்பு, சோலாப்பூருக்கு வெளியே லாரிப் பட்டறை, சூரத்தில் சாயப் பட்டறை என்று சுற்றிப் புனேவுக்கு வந்தபோது அது என் பதினோராவது வேலை. சில இடங்களில் பட்டினி, சில இடங்களில் அடி. அப்போது என்னோடு இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கேயாவது ஒன்று தப்பாகிவிட்டால் சண்டை போட மாட்டேன், விளக்கமும் சொல்ல மாட்டேன்; பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புனேவின் ஆகுர்டியில் காருக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலையில் டை மாற்றுகிறவனாகச் சேர்ந்தேன். டை என்றால் தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கும் அச்சு. அதில் எப்படியோ நிலைத்துவிட்டேன். தலைமுடி நரைத்த பிறகு, புதிய ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து அரவிந்த் பயிற்சி மேலாளராக வந்தார். வந்த இரண்டாவது வாரம், வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, காலி பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு மணி நேரம் பாடம் எடுக்கறமே, வெளிய போனா ஒருத்தருக்காச்சும் ஏதாச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குமே. இன்னைக்கு என்ன பிஸ்கட்டுனு ஞாபகம் இருக்கும்."

சிரித்துவிட்டார். "அதே ஆளுங்க டீ டைம்ல ஃபோன்ல என்ன பாக்கறாங்க பாத்தீங்களா? பூராம் ஒரு நிமிஷ வீடியோ. நம்மளும் அப்படி எடுத்துக் குரூப்ல போடலாம்ங்க. நீங்க செய்யுங்க, நான் புடிக்கறேன்."

"எம் மூஞ்சிய எவன் பாப்பான்?"

"மூஞ்சி எதுக்குங்க? கை போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது; மூஞ்சியும் நமஸ்காரும் பிறகு சேர்ந்தவை. ஒரு வீடியோவுக்கு ஒரே வேலை. தொண்ணூறு வினாடிக்கு மேல் கூடாது. ஹிந்தியிலும் மராத்தியிலும் குரல் கொடுக்க இரண்டாவது வரிசையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டிய ஸ்டெல்லாவைப் பிடித்தோம். தாத்தா காலத்திலேயே கண்டோன்மெண்ட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பம். ஸ்டெல்லாவின் தமிழில் ஹிந்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் குரல் கணீரென்று இருக்கும்.

இந்தக் குட்டி வீடியோக்களால் பயனில்லை என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிடாதீர்கள். பயன் உண்டு, நிறைய உண்டு. வகுப்பில் கையைத் தூக்கிப் "புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுகிறவன், ஃபோனில் அதே இடத்தைப் பத்து முறை பார்ப்பான்; யாருக்கும் தெரியாது. எட்டாவதில் எனக்கு அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நான் லாரி ஏறியிருக்க மாட்டேன். லாத்தூர்க்காரனும் பீகார்க்காரனும் ஒடிசாக்காரனும் ஒரே கையைப் பார்த்து ஒரே வேலையைக் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கேன்டீனில் நான் தட்டோடு போனால் இடம் விட்டார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது வீடியோ, டைக்குள் சிக்கிய தகட்டை எடுப்பது பற்றியது. இதற்கு மட்டும் கொஞ்சம் இயந்திரம் தெரிய வேண்டும். எங்களிடம் இருந்த பழைய பிரஸ்களின் பக்கவாட்டில் ஃப்ளைவீல் என்று ஆள் உயரத்தில் ஒரு கனத்த சக்கரம் இருக்கும். மோட்டார் அதைச் சுழற்றும். காலால் பெடலை அமுக்கினால் சக்கரத்தின் வேகம் முழுவதும் கீழே இறங்கித் தகட்டை அடிக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. தன் கனத்திலேயே நான்கு நிமிடம் சுற்றும். அந்த நான்கு நிமிடத்துக்குள் பெடல் அமுங்கினால் பிரஸ் அடிக்கத்தான் செய்யும். ஆகவே சிவப்புப் பட்டனை அமுக்கி, சக்கரம் நிற்கும்வரை காத்திருந்து, இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, அதன் பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அரவிந்தும் நான்கு நிமிடம் முழுவதும் பிடித்தார். பிறகு அவர் ஃபோனைக் காட்டி, "இதை என்னங்கண்ணா பண்றது? அஞ்சு நிமிஷத்துக்கு மேல வருது" என்றார்.

"சக்கரம் சுத்தறத எவன் குந்திப் பாப்பான்? வெட்டிப் போடு" என்று சொன்னவன் நான்தான்.

முட்டுக் கட்டை வைத்த காட்சியும் அந்த வெட்டிலேயே போயிற்று. ஸ்டெல்லா மட்டும், "சக்கரம் நின்ன பின்னாடி, கட்டை வெச்ச பின்னாடின்னு நான் பேசும்போது சொல்லிடறேன் அண்ணா" என்றாள். சொல்லவும் செய்தாள். மூன்று பேருக்கும் திருப்தி. ஆனால் பிரஸ் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அங்கே எவனும் சத்தம் வைத்து வீடியோ பார்ப்பதில்லை. தினமும் அந்தக் கூடத்தில் நிற்கும் நாங்கள் மூன்று பேரும் இதை மறந்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், முதல் ஷிஃப்ட், பத்து மணி இருக்கும். ஐந்தாம் எண் பிரஸ்ஸில் மகாதேவ் என்று ஒருவர் வேலை செய்தார். லாத்தூர்ப் பக்கம், முப்பது வயது, ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்று வாரம். எந்த வீடியோவையும் மூன்று முறை பார்ப்பார், பார்த்தபடியே செய்வார். என் மனதில் அவர்தான் முதல் மாணவர். நான் பின்பக்கமாகக் கடந்து போனபோது அவர் மோட்டாரை நிறுத்தி, காப்பு வலையைத் தூக்கி, வலது கையை முழங்கை வரை டைக்குள் விட்டுச் சிக்கிய தகட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கட்டை கீழே கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கால், பழக்கத்தில், பெடல் மேலேயே இருந்தது.

எனக்கும் அவருக்கும் நடுவில் பத்து அடி. கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கத்தினால் திடுக்கிடுவார். திடுக்கிடுகிறவனுக்குக் கால்தான் முதலில் அமுங்கும். தோளைப் பிடித்து இழுத்தாலும் அதே கதை. அதை யோசித்தேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவு நேரமில்லை. நடந்துதான் போனேன். ஓடவில்லை. பக்கவாட்டில் குனிந்து, அவர் பெடலுக்கு அடியில் என் ஷூவின் முனையைச் செருகினேன். இரும்பு முனை வைத்த ஷூ. செருகிய பிறகுதான், நிமிர்ந்து அவர் காதோரம், "மகாதேவ், ஹாத் பாஹேர்" என்றேன். கையை வெளியே எடு என்று.

திடுக்கிட்டார். கால் அமுங்கியது. பெடல் என் ஷூவின் மேல் உட்கார்ந்து அங்கேயே நின்றது. கை வெளியே வந்தது.

அடுத்த நொடி அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பட்டறையில் வளர்ந்தவனுக்குக் கைதான் முதலில் வரும். "யார் உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்று ஹிந்தியில் கத்தினேன். அவர் பயப்படவில்லை, குழம்பித்தான் போனார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"தும்ஹீச், அண்ணா."

நீங்களேதான் என்றார். வீடியோவை ஓட்டிக் காட்டினார். சத்தம் கேட்கவில்லை, படம் மட்டும். இருபத்திரண்டாவது வினாடியில் என் விரல் சிவப்புப் பட்டனை அமுக்குகிறது. இருபத்து நான்காவது வினாடியில் அதே கை டைக்குள் இருக்கிறது. மகாதேவ் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் காட்டியதை வினாடி பிசகாமல் செய்திருக்கிறார்.

ஓங்கிய கையைக் கீழே போட்டேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. எதிலிருந்து தப்பினார் என்று அவருக்கும் முழுதாகப் புரிந்திருக்கவில்லை. அப்போது என் மனதில் வந்த முதல் விஷயத்தைச் சொல்கிறேன்: என் பை லாக்கரில் இருக்கிறது, பஸ் ஸ்டாப் ஐந்து நிமிட நடை. இருபது வருடம் தூங்கிக் கிடந்த பழக்கம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டாவது வேலை எங்கேயாவது கிடைக்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது ஒரு கணக்கு. நான் பஸ் ஏறலாம், ஆனால் என் கை ஏறாது. அது இந்தக் கூடத்தில் ஒவ்வொரு ஃபோனிலும் உட்கார்ந்து, இருபத்து நான்காவது வினாடியில் டைக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் எத்தனை கைகள் போகும்? அதில் ஒன்று திரும்பி வராது.

அரவிந்தின் அறைக்குப் போனேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, எங்களிடம் பாகங்கள் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு ஆள் வருகிறார். அவருக்குக் காட்டுவதற்காக அரவிந்த் எங்கள் வீடியோக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பிரஸ்ஸையும் நிறுத்தணும். இப்பவே. அரை மணி நேரம்."

"என்னாச்சுங்கண்ணா?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஃபோனை எடுத்து, "குரூப்ல இருந்து எடுத்துடறேனுங்க. சத்தமில்லாம எடுத்துடலாம். ஆடிட் முடியட்டும், நாளைக்கு எல்லார்த்துக்கும் சொல்லிக்கலாம்" என்றார்.

"குரூப்ல இருந்து எடுத்துருவ. மண்டைக்குள்ள இருந்து எப்பிடி எடுப்ப? இப்ப இருந்து ரெண்டு மணிக்குள்ள எத்தனை வாட்டி தகடு சிக்கும், சொல்லு?"

"உங்க பேரு கெட்டுப் போகும்ணா. எட்டாவது படிச்சவரை வெச்சு வீடியோ எடுத்தியான்னு என்னையும் கேப்பாங்க."

"கேக்கட்டும். எட்டாவதுன்னு சொல்லு. ஃபெயிலுங்கறதையும் சேத்தே சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கூடத்துக்கு வந்து, எல்லாப் பிரஸ்ஸையும் நிறுத்தச் சொல்லும் சங்கு பட்டனைத் தன் கையாலேயே அமுக்கினார். நிறுத்தச் சொன்னது நான்தான், நிறுத்தியது அவர். நாளைக்கு உங்களுக்கு மேலாளர் பதவி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்கள் நின்றதும் கூடம் விசித்திரமாக இருந்தது. எல்லோரையும் கூட்டி, அந்த வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டி, "இந்தக் கை என்னுடையது. இது தப்பு" என்று ஹிந்தியில் சொன்னேன். நடுவில் நான்கு நிமிடம் வெட்டப்பட்டிருக்கிறது என்றேன். யாரெல்லாம் சக்கரம் நிற்பதற்கு முன்னால் கை விடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா கை தூக்கினாள்.

"நானே விடறேன் அண்ணா. பேசினதே நான், அப்பறமும் விடறேன்."

"உனக்குத் தெரியுமே! ஏன்மா?"

"க்யா அண்ணா, ஏன்னு கேக்கறீங்க? நாலு மினிட் சும்மா நின்னா இவரு வந்து காலிபீலி, காரணமே இல்லாம, கத்துவாரு. 'என்ன மேடம், பிக்னிக் வந்தீங்களா?'ன்னு. இங்க கை காலியா இருந்தா திட்டு. அப்ப யாரு நிப்பா, போலோ?"

"இவரு" என்று அவள் கை காட்டிய இடத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஸ்டெல்லா சொன்னது தமிழில். ஆனால் பிக்னிக் என்ற வார்த்தையும் நீட்டிய கையும் எல்லோருக்கும் புரிந்தன. ஒரு சிரிப்பு கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவியது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் எழ ஆரம்பித்தன. பாதிக்கு மேல். மகாதேவ் கடைசியாகத் தூக்கினார்.

அப்போது எனக்கு சோலாப்பூர்ப் பட்டறை மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தார். பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லோரும் உஸ்தாத் என்போம். சூடாக வந்து நிற்கும் லாரியின் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு டீ சொல்லுவார். சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைப்பார். டீப் பைத்தியம் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் இல்லாத ஒரு நாள் நான் உடனே திறந்து, முழங்கை வரை வெந்துபோனேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீடியோக்களில் உற்றுப் பார்த்தால் தெரியும். காத்திரு என்று அந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வருடம் தழும்பைச் சுமந்தேன், விஷயம் ஸ்டெல்லா கை தூக்கிய அன்றுதான் புரிந்தது.

"நாலு நிமிஷத்துல என்ன வேலை செய்யலாம்?" என்று ஹிந்தியில் கூட்டத்தைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மகாதேவ்தான், "ஜாடு" என்றார். துடைப்பம். பிரஸ்ஸைச் சுற்றித் தகட்டுத் துணுக்குகள் எப்போதும் சிதறிக் கிடக்கும், அதைக் கூட்டலாம். துடைப்பம் தூண் பக்கம் மாட்டியிருக்கும். அதை எடுக்கப் போகிறவன் பெடலை விட்டுக் காலை எடுத்தே ஆக வேண்டும். கூட்டுகிறவனை எந்த சூப்பர்வைசரும் திட்ட முடியாது. இதைவிட நல்ல யோசனையை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஸ்டெல்லா இன்னொன்று சேர்த்தாள்: வழுவழுப்பான சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள் என்றாள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாச் சக்கரங்களிலும் கோடு விழுந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். அரவிந்த் மற்ற வீடியோக்களைக் காட்டவில்லை. அந்த ஒன்றை மட்டும் காட்டினார், என்ன நடந்தது என்று சொன்னார். நான் என் படிப்பைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் எண் பிரஸ்ஸின் முன்னால் போய் நின்று, மோட்டாரை நிறுத்தச் சொல்லி, வெள்ளைக் கோடு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். எங்களுக்கு அறிக்கையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அரவிந்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த அறிக்கையைக் காட்டித்தான் பழைய பிரஸ்கள் அனைத்துக்கும் பிரேக்கும் பெடல் மூடியும் வாங்கினோம். அதற்கு முன் மூன்று முறை கேட்டும் கிடைக்காதவை அவை.

பிரேக் வந்து சேரும்வரை காட்டுவதற்கென்று வீடியோவை மறுபடி எடுத்தோம். ஐந்தரை நிமிடம். வெட்டே இல்லை, துடைப்பம், வெள்ளைக் கோடு, கட்டை, கை, எல்லாம் ஒரே ஓட்டத்தில். "இதை யாருங்க முழுசா பாப்பாங்க?" என்று அரவிந்த் கவலைப்பட்டார். நியாயமான கவலை. ஆகவே குரூப்பில் போடவில்லை. பிரஸ்ஸின் பக்கத்திலேயே ஒரு திரையை மாட்டி, புதிதாக வருகிறவர் நிற்க, நிஜச் சக்கரத்தையும் வீடியோவையும் ஒரே நேரத்தில் ஓட விட்டோம். இரண்டு வெள்ளைக் கோடும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். பார்த்தவர்கள் மறக்கவில்லை.

மிச்ச வீடியோக்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அலுப்பாக இருக்கிறது என்று நாங்கள் வெட்டிய இடங்களில் இன்னும் மூன்று ஆபத்துகள் இருந்தன. எல்லாமே காத்திருக்க வேண்டிய இடங்கள். குட்டி வீடியோவுக்குக் காத்திருக்கத் தெரியாது. நம் வேலையில் பாதி காத்திருப்பதுதான். இது தெரிந்துகொண்டு எடுத்தால் அந்த வீடியோவைப் போல் நல்ல கருவி இல்லை. வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் துண்டை அந்த இயந்திரத்தில் தினமும் நிற்கிற ஒருவரிடம், சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். உங்கள் மேலாளரிடம் அல்ல, என்னைப் போன்ற ஓய்வு பெற்றவனிடமும் அல்ல.

மகாதேவ் இப்போது ஹடப்சரில் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே வீடியோ எடுப்பவர் அவர்தான். போன வாரம் ஒன்றை அனுப்பியிருந்தார். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடத்தில் இரண்டு வீடு மாறி, இப்போது கோந்த்வாவில் இருக்கிறேன். ஊர் சுற்றிவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது அதைத் திறந்தேன். அங்கேயும் பழைய பிரஸ். சிவப்புப் பட்டன். பிறகு மகாதேவ் நிதானமாகக் கூட்டுகிறார். பின்னால் வெள்ளைக் கோடு சுற்றுகிறது. கூட்டுகிறார். குனிந்து ஒரு துணுக்கை எடுத்துத் தொட்டியில் போடுகிறார். மறுபடி கூட்டுகிறார்.

பக்கத்து இருக்கையில் காலேஜ் பை வைத்திருந்த பெண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல், "காகா, தள்ளி விடுங்க, ஒண்ணுமே நடக்கலையே" என்றாள் ஹிந்தியில்.

"நடக்குதும்மா" என்றேன்.

கோடு மெதுவாகி, தயங்கி, கொஞ்சம் பின்னால் ஆடி, நின்றது. மகாதேவ் துடைப்பத்தை மாட்டினார். கோட்டை ஒருமுறை பார்த்தார். கட்டையை வைத்தார். அதற்குப் பிறகு கையை உள்ளே விட்டு, தகட்டை எடுத்து, கையை வெளியே கொண்டுவந்து, ஐந்து விரலையும் விரித்துக் கேமராவுக்குக் காட்டினார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது என் ஸ்டாப் இரண்டு நிறுத்தம் பின்னால் போயிருந்தது. இறங்கி நடந்தேன்.